கூரை ஒழுகும்போது யார் வருவார்? புதுச்சேரி முதல் காரைக்குடி வரை

வெள்ளி, புதுச்சேரி

கடற்கரைச் சாலையில் இன்று நிற்கும் மேரி கட்டடம் புதியது. பழையது 1870-களின் தொடக்கத்தில் எழுந்த பிரெஞ்சுக் காலத்து நகர மன்றம். 2014 நவம்பர் கடைசியில் பெய்த அடைமழையில் அது சரிந்து விழுந்தது. பிறகு உலக வங்கியின் நிதியுதவியோடு அதே இடத்தில், பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். காலை வெயிலில் வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருக்கிறது. திரும்பக் கட்டியதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த இடம் காலி மனையாகவே கிடந்திருந்தால் கடற்கரையே மூளியாகிப் போயிருக்கும்.

ஆனால் கட்டடம் விழுந்த பிறகு கோடிக்கணக்கில் பணம் புரட்ட முடிகிறது. முதல் ஒழுகல் தெரிந்த நாளில் ஒரு கொத்தனாரையும் நாலு மூட்டைச் சுண்ணாம்பையும் அனுப்பி வைக்க நம் ஊர்களில் யார் இருக்கிறார்கள்? எந்தக் கணக்கில் அதற்குப் பணம் இருக்கிறது? பழைய கட்டடங்களுக்குப் பக்கத்திலிருந்து கிடைக்கிற உதவி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். டெல்லியிலோ பாரிசிலோ எடுக்கும் முடிவுகளை விட, பேருந்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் உதவியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை.

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் பகுதி. அங்கே வைசியாள் வீதிதான் நான் பார்க்க வேண்டும் என்று வந்த இடம். கலவை சுப்பராய செட்டி தெரு என்றும் சொல்வார்கள். வீடு வீடாகத் திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓடு வேய்ந்த தாழ்வாரம். தெருவில் போகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிக்கொள்ள வீட்டுக்காரர் தம் செலவில் கட்டிய நிழல் அது. இருபது வருடங்களுக்கு முன் இந்தத் தெருவிலும் தாழ்வாரங்கள் உடைந்து, திண்ணைகள் கடைகளாக மாறிக்கொண்டிருந்தன. பழைய கட்டடங்களைக் காக்க வேலை செய்யும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை 1984 முதல் இங்கே வேலை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா உர்ப்ஸ் திட்டம் 2002-ல் வந்தபோது, இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவும் புதுச்சேரியோடு கைகோத்தன. அந்தத் திட்டத்தில்தான் இந்தத் தெருவை மாதிரித் தெருவாக எடுத்துக்கொண்டார்கள். முகப்பைச் சீர்படுத்த ஒரு பங்கு திட்டத்திலிருந்து, மறு பங்கு வீட்டுக்காரரிடமிருந்து. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதும் கிடைத்தது.

விருதைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் என்னிடம் பேசவில்லை. ஒரு திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சொன்னது இது: "இடிச்சிட்டு மேல ரெண்டு மாடி எடுக்கலாம்னுதான் இருந்தோம் தம்பி. எதிர் வீட்டுல செஞ்சாங்க, பக்கத்து வீட்டுல செஞ்சாங்க. அவங்க வீடு அவ்வளவு லட்சணமா ஆயிடுச்சு. நாங்க மட்டும் இடிக்கவா முடியும்?"

எனக்கு இதில் மிகப் பெரிய சேதி இருப்பதாகப் படுகிறது. செலவு முழுவதையும் அரசே ஏற்றிருந்தால் அது அரசின் சுவராக இருந்திருக்கும். ஒரு பைசாவும் தராமல் "இடிக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லியிருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக இடித்திருப்பார்கள். பாதிப் பணமும், கூட நின்று சொல்லிக்கொடுக்க ஒரு கட்டடக் கலைஞரும் பக்கத்துத் தெருவிலேயே இருந்ததால் வீடு நின்றது.

இரண்டு தெரு தள்ளிப் போனால் கதை வேறு. பழைய ஓட்டு வீட்டுக்கு இரண்டு பக்கமும் நாலு மாடிக் கட்டடங்கள். பக்கத்து மாடியிலிருந்து விழும் மழைத் தண்ணீர் முழுவதும் இந்த ஓட்டின் மேல்தான். கணக்கெடுப்பில் வீட்டின் பெயர் இருக்கும். சட்டத்தின் பிடிப்பு இருக்காது. அப்படிப்பட்ட பட்டியல்கள் எத்தனை வீடுகள் போயின என்று பின்னால் எண்ணிப் பார்க்கத்தான் உதவுகின்றன.

சனி, தரங்கம்பாடி

காரைக்கால் பேருந்தில் ஏறி, கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டி இறங்கினேன். 1792-ல் திரும்பக் கட்டிய நகர வாயிலைக் கடந்தால் ராஜ வீதி நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. ஒரு பக்கம் 1701-ன் சீயோன் தேவாலயம், மறு பக்கம் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டி 1718-ல் திறந்த புதிய எருசலேம் தேவாலயம். கடற்கரை மைதானத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர்கள் கட்டியது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயருக்கு இந்தத் துறைமுகம் தேவைப்படவில்லை. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் இருந்த கொஞ்ச நஞ்ச வியாபாரமும் அங்கே போய்விட்டது. இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் காசு இல்லாததால் ஊர் அப்படியே தங்கிவிட்டது.

கோட்டை தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வெளியூர் நண்பர்கள் பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். மத்தியத் தொல்லியல் துறை தன் பட்டியலில் உள்ளவற்றை 1958-ம் ஆண்டுச் சட்டப்படி பார்த்துக்கொள்கிறது. 2010 திருத்தத்துக்குப் பிறகு அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, அதைத் தாண்டி மேலும் 200 மீட்டர் தூரத்துக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மாநிலத்துக்கு 1966-ல் இயற்றிய தனிச் சட்டமும், 1961-ல் தொடங்கிய தனித் துறையும் உண்டு. இந்த இரண்டு பட்டியலிலும் வராத வீடுகள்தான் ஏராளம். தரங்கம்பாடியின் தெருக்களில் நிற்கிற பெரும்பாலான வீடுகள் அப்படிப்பட்டவை.

இந்த ஊருக்கு உதவி பல கைகளிலிருந்து வந்தது. கோட்டையைச் சீர்படுத்த டென்மார்க்கில் இருக்கும் தரங்கம்பாடிச் சங்கம் மாநில அரசோடு சேர்ந்து உதவியது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் தனியாக ஓர் ஆய்வுத் திட்டமே வைத்து, கோட்டைக்கு எதிரே இருக்கும் ஆளுநர் மாளிகையைச் சீரமைப்பதில் பங்கெடுத்தது. சீகன்பால்கு இருந்த வீட்டை ஜெர்மனியின் ஹாலே நகரத்து பிராங்கே அறக்கட்டளையின் துணையோடு அருங்காட்சியகமாக்கினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இன்டாக் புதுச்சேரிக் கிளை, டேனிய அறக்கட்டளை ஒன்றின் பணத்தில் தெருவோர வீடுகள் சிலவற்றை எடுத்துச் செய்தது.

அப்படிச் செய்த வேலையில் கற்றுக்கொண்ட கொத்தனார் ஒருவரை மத்தியானம் பார்த்தேன். ஒரு பழைய வீட்டின் மச்சை மாற்றிக்கொண்டிருந்தார். நம் பக்கத்தில் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் வேலை. தேக்கு உத்தரங்களின் மேல் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போகிறார்கள். கீழே பலகை கூடக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு செங்கலும் முன்னால் வைத்த செங்கலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுகிறார்கள். கடைசியாகத் தட்டோடு.

அண்ணன் என்னைத் தொட்டியருகே கூட்டிப்போய்க் காட்டினார். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் கிடக்கிறது. கையில் எடுத்தால் வெண்ணெய் போல வழுக்குகிறது. விரலால் நசுக்கும்போது நெறுநெறுவென்று ஒன்று தட்டுப்பட்டாலும் திரும்ப ஊறப்போடுவாராம். "உள்ள நீறாத கல்லு ஒண்ணு இருந்தா போதும் தம்பி. பூசி ஆறு மாசம் கழிச்சு அது நீறி, சுவத்துல பொரிஞ்சுக்கிட்டு வெளிய வரும்."

பக்கத்து வீட்டுச் சுவரையும் காட்டினார். யாரோ நல்லெண்ணத்தில் கீழ்ப்பகுதிக்கு மட்டும் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்கிறது. கடலோரத்து ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது, ஈரம் மேலே மேலே ஏறி உப்பைச் செங்கலுக்குள்ளேயே கட்டுகிறது. "சிமென்ட் பூசினா சுவரு மூச்சு விடாது. ஊருக்குள்ள பாதிச் சேதாரம் ரிப்பேர்னு பேரு வச்சுப் பண்ணதுதான்" என்றார்.

சுண்ணாம்பு வேலை வருடத்தில் எத்தனை மாதம் கிடைக்கும் என்று கேட்டேன். திட்டம் ஏதாவது நடந்தால் நாலைந்து மாதம், இல்லாவிட்டால் காரைக்கால் பக்கம் போய் சிமென்ட் வேலைதான். கூடக் கற்றுக்கொண்ட இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்களாம். எனக்கு அந்த மச்சைப் பார்த்த சந்தோஷத்தை விட இதைக் கேட்ட கவலைதான் பெரிதாக இருந்தது. திட்டம் முடிகிறது, பணம் முடிகிறது, அதோடு கைவேலையும் கலைந்து போகிறது. அடுத்த திட்டம் வரும்போது மறுபடி முதலிலிருந்து ஆள் தேட வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு சுண்ணாம்புத் தொட்டியும், வருடம் முழுவதும் சம்பளத்தில் பத்துக் கொத்தனார்களும் இருந்தால் போதும். பழைய பள்ளிக்கூடம், சத்திரம், தாலுகா அலுவலகம் என்று வேலைக்கா பஞ்சம்?

சாயங்காலம் கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனேன். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது. டேனியர் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பே இந்த ஊர் வணிகத் துறை என்பதற்கு அங்குள்ள கல்வெட்டு சாட்சி. சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்ற பெயர்கள் அதில்தான் வருகின்றன. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. இப்போது கரையில் பாறைகளைக் கொட்டி அரண் போட்டிருக்கிறார்கள். டேனியர் வீட்டைக் காப்பாற்ற டென்மார்க் வந்தது, அதற்கு மனதார நன்றி சொல்ல வேண்டும். அவரவர் வரலாற்றை அவரவர் தேடி வருவார்கள். பாண்டியன் கட்டிய சுவருக்கு நாம்தான் வர வேண்டும்.

ஞாயிறு, நாகப்பட்டினம் வழியாக மனோரா

நாகப்பட்டினத்தில் நான் தேடிப் போன கட்டடம் இல்லை. 1867-லேயே போய்விட்டது.

ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் கட்டிய சூடாமணி விகாரம் இங்கேதான் இருந்தது. ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் இன்றைக்கும் 'லெய்டன் செப்பேடுகள்' என்றுதான் அறியப்படுகின்றன. ஒரு சைவப் பேரரசன் கடல் கடந்த அரசனின் பௌத்த விகாரத்துக்கு நிலம் கொடுத்துப் பராமரிக்க வழி செய்தான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம். வருமானம் வருகிற ஒரு கிராமத்தையே எழுதிவைத்தால்தான் கட்டடம் நிற்கும் என்று ஆயிரம் வருடம் முன்பே தெரிந்திருக்கிறது.

நாகையின் பழைய பௌத்த அடையாளங்களில் கடைசியாக நின்றது செங்கல் கோபுரம் ஒன்று. சீனா கோயில் என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் ஊரார் சொல்லியிருக்கிறார்கள். 1846-ல் அதைப் பார்த்த மெட்ராஸ் அரசு அதிகாரி வால்டர் எலியட் மூன்று அடுக்குகள் தெரிந்ததாக எழுதிவைத்திருக்கிறார். கடலில் வரும் மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். பக்கத்தில் கல்லூரி நடத்திய ஏசு சபைப் பாதிரிமார் அதை இடித்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். சில வருடம் இழுபறி. கடைசியில் 1867-ல் மெட்ராஸ் அரசு அனுமதி கொடுத்துவிட்டது. அந்தக் கல்லூரியும் 1883-ல் திருச்சிக்குப் போய்விட்டது. ஒரு மரத்தடியில் நின்று சுற்றிப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. நாகையில் மண்ணுக்கடியில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். முடிவு எடுக்கிறவர் தூரத்தில், ஆட்சேபிக்க வேண்டியவருக்கு அங்கே குரல் இல்லை. அப்படி ஆனால் எவ்வளவு உயரமான கோபுரமும் ஒரு கையெழுத்தில் போய்விடும்.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீண்ட பேருந்துப் பயணம். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம். சேதுபாவாசத்திரத்துக்குப் பக்கத்தில் மனோரா. நெப்போலியன் 1814-ல் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய ஆறு கோணக் கோபுரம், சுற்றி அகழி. சுனாமியில் அடிபட்டதை மாநிலத் தொல்லியல் துறை சீர்படுத்தி வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். பிள்ளைகள் அகழி ஓரத்தில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். ஆள் நடமாட்டம் இருப்பதே பாதுகாப்பில் பாதி. இருட்டுவதற்குள் பட்டுக்கோட்டைக்குப் பேருந்து பிடித்தேன்.

திங்கள், கானாடுகாத்தான், ஆத்தங்குடி

செட்டிநாட்டைப் படங்களில் பார்த்தவர்களுக்கு முகப்புதான் தெரியும். நடந்து பார்த்தால்தான் நீளம் தெரிகிறது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு. முகப்பு, நடு முற்றமான வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசல்களெல்லாம் ஒரே நேர்கோட்டில். வாசலில் நின்றால் கடைசிக் கட்டின் வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறது. கூரைகளிலிருந்து இறங்கும் தண்ணீர் முற்றத்துக்கு வந்து, தெருவின் கீழே ஓடி, ஊருணிக்குப் போகிறது. ஆக ஒரு வீட்டை இடித்தால் அந்தத் தெருவின் தண்ணீர் வழியும் போகிறது. ஊரமைப்பு என்று சொல்வது இதைத்தான். தனித்தனி வீடாகப் பார்த்துக் காப்பாற்ற முடியாத இடம் இது.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் செட்டிநாட்டின் ஊர்த் தொகுப்புகள் சேர்ந்தன. அதற்கு முன்னால் 2007 வாக்கிலேயே இங்கே ஆவணப்படுத்தும் வேலையைத் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் பெர்னார் டிராகனும் மிஷெல் அத்மாவும். கோத்தமங்கலத்தில் ஒரு பழைய வீட்டை எடுத்துச் சீர்படுத்தி விடுதியாகவும் நடத்தினார்கள். உத்தேசப் பட்டியல் என்பது வாசல்படி மட்டுமே. உள்ளே போவதற்கு நாடு தன் பக்கத்தில் சட்டப் பாதுகாப்பும் பராமரிப்புத் திட்டமும் காட்ட வேண்டும். அது மாநிலத்தில், மாவட்டத்தில், பேரூராட்சியில் நடக்க வேண்டிய வேலை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தை 2012-ல் இயற்றினார்கள். நடைமுறைக்கு வரவே பத்து வருடத்துக்கும் மேல் ஆனது. அந்தப் பத்து வருடத்தில் இங்கே எத்தனை வீடுகள் லாரியில் ஏறிப் போயிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

மத்தியானம் ஆத்தங்குடியில் ஓடு போடுவதைப் பார்த்தேன். கீழே ஒரு கண்ணாடி, அதன் மேல் பூ வடிவத்தில் வளைத்த உலோகச் சட்டம். கரைத்த வண்ணச் சிமென்ட்டைக் கரண்டியால் எடுத்து ஒவ்வோர் அறையிலும் ஊற்றுகிறார் ஒரு பெரியவர். சட்டத்தைத் தூக்கும்போது கை துளி நடுங்கவில்லை. நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, பின்பு ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுகிறார். சூளை கிடையாது. காய வைத்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடி பட்ட பக்கம் தானாகவே பளபளப்போடு வருகிறது. இந்தத் தொழில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் புது வீடு கட்டுகிறவர்கள் வாங்குவதுதான். பழைய வீட்டில் நாலு ஓடு உடைந்தால் அதே பூவில் மாற்றிப்போட இன்றைக்கும் ஆள் இருக்கிறார். சுண்ணாம்புக்கும் இப்படி ஒரு சந்தை இருந்தால் தரங்கம்பாடி அண்ணன் காரைக்காலுக்குப் போக வேண்டியதில்லை.

செவ்வாய், காரைக்குடி

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். கதவு நிலைகள், பர்மாத் தேக்குத் தூண்கள், பித்தளைப் பாத்திரங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள். கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரோ விற்பதைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள். ஆனால் சுவரோடு பிணைத்திருந்த ஒரு நிலையைப் படுக்க வைத்துப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. அடிப்பகுதியில் யாரோ வருடா வருடம் பூசிய மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது.

ஏன் விற்கிறார்கள் என்பதற்கு நான் போன வீட்டு ஆச்சி விளக்கம் சொன்னார். வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அந்த உரிமை பிள்ளைகளுக்கு, பேரன்களுக்கு என்று இறங்கிக்கொண்டே வருகிறது. இப்போது அந்த வீட்டில் கையெழுத்து வேண்டியவர்கள் சென்னையில், கோலாலம்பூரில், சிங்கப்பூரில். ஒரு பங்காளிக்குப் பணம் வேண்டும், இன்னொருவருக்கு நேரமில்லை, இன்னொருவருக்கு வீட்டின் வழியே தெரியாது. "ஒழுகுது, எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போடுங்கன்னு சொன்னா ஒரு வருஷம் பேசுவாக. வித்துப்புடலாம்னா ஒரே நாளில கையெழுத்து வந்துரும்" என்றார்.

ஒழுகல் எப்படிக் கொல்கிறது என்பதை அந்த வீட்டிலேயே பார்த்தேன். மூன்றாம் கட்டில் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் தகரக்காலில் இலை அடைத்திருக்கிறது. தண்ணீர் வழிந்து சுவருக்குள் இறங்கி, உத்தரத்தின் நுனி சுவரில் புதைந்திருக்கும் இடத்தை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே பார்த்தால் தேக்கு உறுதியாகத்தான் தெரிகிறது. சாவியால் நுனியைக் குத்தினேன், பொலபொலவென்று உள்ளே போனது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்து நூறு வருடம் தாங்கிய மரம், அள்ளிப்போடாத ஒரு கூடை இலையால் போகிறது. அதன் பக்கத்திலேயே சுவரில் ஒரு அரசங்கன்றும் முளைத்திருந்தது.

அரசுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. சென்னைச் சேப்பாக்கத்தில் 2012 ஜனவரியில் தீயில் வெந்த கலசமகாலைப் பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே எழுப்பிக் காட்டியது. பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று அந்தத் துறையில் தனிப் பிரிவே இருக்கிறது. அந்த அனுபவம் அரசுக் கட்டடங்களோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம். தனியார் வீட்டுக்காரர் ஒருவர் போய், "என் வீட்டு உத்தரம் போகிறது, வந்து பாருங்கள்" என்று சொல்ல மாவட்டத் தலைநகரில் ஒரு மேசை வேண்டும். வீட்டைக் காப்பாற்றுகிறவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுக்கலாம். புதுச்சேரியில் செய்தது போலச் செலவில் ஒரு பங்கை ஏற்கலாம். நூறு பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்றில்லாமல், பராமரிப்புக்கு மட்டுமாவது இத்தனை பேர் ஒத்துக்கொண்டால் போதும் என்று ஒரு வழி செய்யலாம்.

ஆச்சி வீட்டார் தாங்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லாரும் வந்துதான் ஆக வேண்டும். போன படைப்பில் பேசி, அறக்கட்டளை ஒன்று பதிவு செய்து, பங்குக்கு இவ்வளவு என்று வங்கியில் போட ஆரம்பித்துவிட்டார்கள். சென்னையில் இருக்கும் ஒரு பேரன் கணக்குப் பார்க்கிறார். ஆச்சியின் கணவரின் தம்பி மகன் ஒருவர், தூண்களை விற்றால் இவ்வளவு வரும் என்று கடைக்காரரிடம் விலை கேட்டு வந்திருந்தார். அவரும் இப்போது பணம் கட்டுகிறாராம். இந்த வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் மூன்றாம் கட்டின் ஓட்டைப் பிரித்து அடுக்க வேண்டும், இரண்டு உத்தரங்களின் நுனியை வெட்டி ஒட்டுப் போட வேண்டும், தகரக்கால் மாற்ற வேண்டும். எல்லாம் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் இல்லை என்றார். தரங்கம்பாடி அண்ணனை அங்கிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டுக் கொடுத்தேன். பேசினார்கள். மச்சும் சுவரும் செய்வாராம், ஆவணிக் கடைசியில் வருகிறாராம். வளவுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கல்லால் தேய்த்து எடுக்கும் செட்டிநாட்டுப் பூச்சு மட்டும் தனக்குப் பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் அந்தப் பூச்சு வேலையை இன்னும் கையால் செய்கிற கொத்தனாரை உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். ஆச்சியிடம் சேர்த்துவிடுகிறேன்.